பிக்கப் வண்டியில் ஃபாக் லைட்: ரிலே வைத்து, கம்பெனி சுவிட்சிலேயே இணைக்க முடியுமா?

பாலாடா_பிக்கப் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கேத்தி பாலாடாவில் கழுவிய கேரட் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, வாரத்தில் நான்கைந்து நாள், இரவு ஒரு மணிக்கு மேல் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குகிறவன் நான். வண்டி பழைய டீசல் பிக்கப். கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. பேட்டரி, கம்பி, பியூஸ் இவ்வளவுதான். ஐப்பசி, கார்த்திகையில் குன்னூரைத் தாண்டிக் காட்டேரி, மரப்பாலம் வரை மேகமூட்டம் இறங்கிவிட்டால் சாலையின் ஓரக் கோடுகூடத் தெரிவதில்லை. ஹெட்லைட்டை பிரைட்டில் போட்டால் கண்ணாடிக்கு முன்னால் வெள்ளைச் சுவர் எழுப்பியதுபோல் ஆகிவிடுகிறது. அதனால் போன மாதம் 55 வாட் ஹெச்3 பல்பு உள்ள ஃபாக் லைட் ஒரு ஜோடி வாங்கினேன்.

பொருத்திக் கொடுத்தவர் ரிலே (சிறிய மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைப் போட்டு அணைக்கும் சுவிட்ச்) எதுவும் வைக்கவில்லை. இடது ஹெட்லைட்டின் டிம் கம்பியைச் சுரண்டி, இரண்டு ஃபாக் லைட்டையும் அதிலேயே முறுக்கி டேப் சுற்றிவிட்டார். முதல் இரவே, மரப்பாலத்துக்குச் சற்று முன்னால் ஒரு கொண்டை ஊசி வளைவில், இடது ஹெட்லைட்டும் இரண்டு ஃபாக் லைட்டும் ஒரே நேரத்தில் அணைந்தன. ஒன்றரை டன் சுமையோடு, வலது விளக்கு ஒன்றை மட்டும் நம்பிக் கல்லாறு வரை இறங்கினேன். மறுநாள் அவரிடம் காட்டினேன். "பியூஸ் போயிருக்கிறது, மாற்றிவிட்டேன்" என்றார். அதன் பிறகு பத்து நாள் நன்றாக எரிந்தது. பதினோராம் நாள் ஸ்டியரிங்குக்குக் கீழே பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. மூடியைக் கழற்றிப் பார்த்தால், லைட் சுவிட்சின் கனெக்டர் பழுப்பேறி, ஒரு மூலை இளகியிருந்தது. பியூஸ் பெட்டியில், சிவப்பு 10 ஆம்பியர் இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சள் 20 ஆம்பியர் உட்கார்ந்திருந்தது.

அந்த இணைப்பை முழுவதும் பிரித்தெடுத்துவிட்டேன். இந்த முறை நானே செய்யலாம் என்று 12 வோல்ட், 40 ஆம்பியர், நான்கு கால் ரிலே ஒன்றும் அதற்கான சாக்கெட்டும் வாங்கி வைத்திருக்கிறேன். என் வண்டி விலை குறைந்த மாடல் என்பதால் ஃபாக் லைட் வரவில்லை. ஆனால் லைட் போடும் தண்டில் ஃபாக் லைட் படம் போட்ட வளையம் இருக்கிறது, அது திரும்பவும் செய்கிறது. அதிலிருந்து மெல்லிய கம்பி ஒன்று கிளம்பி, பானெட்டுக்குள் பியூஸ் பெட்டிக்குப் பக்கத்தில் டேப் சுற்றிய நிலையில் முடிகிறது. டாஷ்போர்டில் ஓட்டை போட்டுத் தனிச் சுவிட்ச் வைக்க மனமில்லை. அந்த வளையத்தாலேயே ரிலேயை இயக்க முடியுமா? எந்தக் கால் எங்கே போக வேண்டும், கம்பி எவ்வளவு தடிமன், பியூஸ் எத்தனை ஆம்பியர் என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றி உடையவனாக இருப்பேன்.

வெலிங்டன்_வயரிங் எழுதியது:

முடியும், ஆனால் முதலில் நடந்தது என்னவென்று புரிந்துகொள்ளுங்கள். அது புரிந்தால் ரிலே எதற்கு என்பதும் புரிந்துவிடும். 55 வாட் பல்பு ஒன்று ஏறத்தாழ 4.6 ஆம்பியர் இழுக்கும். இடது ஹெட்லைட் ஒன்று, ஃபாக் லைட் இரண்டு, ஆக மூன்று பல்புக்கு 13.8 ஆம்பியர். அது 10 ஆம்பியர் பியூஸ் வழியாகப் போயிருக்கிறது. பிளேடு பியூஸ் தன் அளவைத் தாண்டிய நொடியிலேயே அறுந்துவிடுவதில்லை. மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகப் போனால் ஒரு நொடியிலும் அறுக்கலாம், பத்து நிமிடம் தாக்குப் பிடிக்கவும் செய்யலாம். ஆகவேதான் கடை வாசலில் எரிந்த விளக்கு மரப்பாலத்தில் அணைந்தது. அதற்குப் பதிலாக 20 ஆம்பியர் பியூஸைப் போட்டவுடன், பியூஸ் செய்ய வேண்டிய வேலையைச் சுவிட்சின் கனெக்டர் செய்யத் தொடங்கிவிட்டது. அந்த மஞ்சள் பியூஸை இன்றைக்கே எடுத்துவிட்டுச் சிவப்பைப் போடுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

ரிலேக்குள் ஒரு காந்தச் சுருளும், அந்தச் சுருள் இழுத்தால் மூடிக்கொண்டு மின்சாரத்தை விடும் தடித்த காண்டாக்ட் ஒன்றும் இருக்கின்றன. 85, 86 இரண்டும் சுருளின் முனைகள். 30, 87 இரண்டும் காண்டாக்ட்டின் முனைகள். ஐந்து கால் ரிலேயில் நடுவில் 87ஏ என்று ஒன்று கூடுதலாக இருக்கும், சுருள் இழுக்காதபோது 30 அதோடுதான் சேர்ந்திருக்கும். உங்களுக்கு அது தேவையில்லை. இந்த எண்கள் ஜெர்மானியர்களின் டின் 72552 தரத்தில் இருந்து வந்தவை, பெரும்பாலான கம்பெனி ரிலேக்களில் இதே எண்கள்தான். சுருளின் தடை 80, 90 ஓம் அளவில் இருப்பதால் அது இழுப்பது 0.15 ஆம்பியர்தான். உங்கள் தண்டு வளையம் சுமக்க வேண்டியது அவ்வளவே. விளக்குக்கான 9, 10 ஆம்பியர் பேட்டரியில் இருந்து நேராக 30க்குப் போய், 87 வழியாக விளக்குக்குப் போய்விடும். ஸ்டியரிங் பக்கம் எட்டிப் பார்க்காது.

பேட்டரி பாசிட்டிவில் இருந்து 2.5 ஸ்கொயர் எம்எம் கம்பி எடுங்கள். பேட்டரியை விட்டு ஒரு சாண் தூரத்துக்குள் 15 ஆம்பியர் பியூஸ் வந்துவிட வேண்டும்; பியூஸுக்கு முன்னால் இருக்கும் கம்பி எங்காவது தகரத்தில் உரசினால் அதைக் காப்பாற்ற யாரும் இல்லை என்பதால் அந்தத் துண்டு எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. அங்கிருந்து 30. பிறகு 87இல் இருந்து இரண்டாகப் பிரித்து விளக்குக்கு ஒன்றாக 1.5 ஸ்கொயர் எம்எம் போதும். மெல்லிய கம்பியில் மிச்சம் பிடிக்காதீர்கள். 0.75 கம்பியை மூன்று மீட்டர் இழுத்து அதில் 10 ஆம்பியர் அனுப்பினால் கம்பியிலேயே 0.7 வோல்ட் போய்விடும், 2.5இல் 0.2தான் போகும். ஹாலஜன் பல்புக்கு வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் முப்பது சதவீதம் குறையும். புது விளக்கு மங்கல் என்று கடைக்காரரைத் திட்டுகிற பலர் உண்மையில் கம்பியைத்தான் திட்ட வேண்டும்.

சுருளுக்கு, 85ஐ நல்ல எர்த்தில், அதாவது பேட்டரி நெகட்டிவோடு சேர்ந்திருக்கும் வண்டியின் உலோக உடலில், கொடுங்கள். 86இல் வளையத்தில் இருந்து வரும் அந்த மெல்லிய கம்பியைச் சேருங்கள். சேர்ப்பதற்கு முன், வளையத்தைத் திருப்பும்போது அந்தக் கம்பியில் 12 வோல்ட் வருகிறதா என்று மல்டிமீட்டரில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பாலாடா_பிக்கப் எழுதியது:

மிக்க நன்றி அண்ணா. சிவப்பு பியூஸ் மாற்றிவிட்டேன். ஆனால் அளந்து பார்த்ததில் ஏமாற்றம்தான். மீட்டரின் கறுப்பு முள்ளை பேட்டரி நெகட்டிவிலும், சிவப்பு முள்ளை அந்தக் கம்பியிலும் வைத்தேன். சாவி போட்டு, பார்க் லைட் போட்டு, வளையத்தைத் திருப்பினாலும் 0, திருப்பாவிட்டாலும் 0. விலை குறைந்த மாடல் என்பதால் வளையத்தை வெறும் அலங்காரத்துக்கு வைத்துவிட்டு, உள்ளே காண்டாக்ட் வைக்காமல் விட்டுவிட்டார்கள் என்று நினைக்கிறேன். தனிச் சுவிட்ச்தான் வாங்க வேண்டுமா?

கோத்தகிரி_மெயின்டனன்ஸ் எழுதியது:

வாங்க வேண்டாம், பொறுங்கள். தேயிலைத் தோட்ட வண்டிகளைப் பராமரிப்பது என் வேலை. இதே 0 என்னையும் ஒரு முழு மத்தியானம் அலைக்கழித்திருக்கிறது. நீங்கள் அளந்த முறையில், அந்தச் சுவிட்ச் நன்றாக வேலை செய்தாலும் 0தான் காட்டும்.

சுவிட்ச் இரண்டு வகையில் வேலை செய்யும். பாசிட்டிவை அனுப்புவது ஒரு வகை. வெலிங்டன் அண்ணா சொன்னது அதற்குப் பொருந்தும். இன்னொரு வகை, சுருளின் ஒரு முனையில் பாசிட்டிவ் முன்பே காத்திருக்க, மறுமுனையை எர்த்தோடு சேர்த்துவிடுவது. இரண்டாவது வகையில், வளையம் திருப்பியிருக்கும்போது உங்கள் கம்பி எர்த்தில் இருக்கிறது, ஆகவே மீட்டர் 0 காட்டும். திருப்பாதபோது கம்பி எதிலும் சேராமல் அந்தரத்தில் தொங்குகிறது; உங்கள் மாடலில் கம்பெனி ரிலே இல்லாததால் மறுபக்கத்தில் இருந்து அதற்கு வோல்டேஜ் கொடுக்கவும் ஒன்றும் இல்லை, ஆகவே அப்போதும் 0. மீட்டருக்கு எர்த்தும் ஒன்றுதான், ஒன்றுமில்லாததும் ஒன்றுதான்.

மீட்டரைத் திருப்பிப் பிடியுங்கள். சிவப்பு முள்ளை பேட்டரி பாசிட்டிவில் வைத்துவிட்டு, கறுப்பு முள்ளை அந்த மெல்லிய கம்பியில் வையுங்கள். வளையத்தைத் திருப்பும்போது 12 வோல்டுக்கு மேல் காட்டி, பழைய நிலைக்குக் கொண்டுவந்ததும் 0க்கு வந்தால், உங்கள் சுவிட்ச் எர்த் கொடுக்கும் சுவிட்ச். அப்படி இருந்தால் 85ஐ எர்த்தில் கொடுக்காதீர்கள். 85தான் வளையத்தின் கம்பிக்குப் போக வேண்டும். 86க்குப் பாசிட்டிவை பார்க் லைட் கம்பியில் இருந்து, 3 ஆம்பியர் பியூஸ் ஒன்று வைத்து எடுங்கள். பார்க் லைட் எரியாமல் ஃபாக் லைட் எரியக் கூடாது என்பதுதான் வண்டி செய்கிறவர்கள் பின்பற்றும் முறை. பின் சிவப்பு விளக்கு எரியாமல் முன்னால் மட்டும் வெளிச்சத்தைப் போட்டுக்கொண்டு மூட்டத்தில் போகிற வண்டியை நினைத்துப் பாருங்கள். சுருள் இழுக்கும் 0.15 ஆம்பியர் பார்க் லைட் பியூஸுக்கு ஒரு பொருட்டே அல்ல.

இன்னொன்று. சுருள் விடும்போது ஒரு நொடிக்கும் குறைவான நேரத்துக்கு நூறு வோல்டுக்கு மேல்கூட எதிர்த் துடிப்பு கிளம்பும். அது நாள்போக்கில் வளையத்தின் சிறிய காண்டாக்ட்டைப் பொசுக்கும். மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் 1என்4007 என்ற டயோடு ஒன்றை 85க்கும் 86க்கும் குறுக்கே போட்டுவிட்டால் துடிப்பு அதற்குள்ளேயே அடங்கிவிடும். விலை சில ரூபாய்தான்.

புது மாடல் கார் வைத்திருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு: உங்கள் தண்டில் இருந்து வரும் கம்பி பெரும்பாலும் பாடி கம்ப்யூட்டருக்குப் போகிறது. அதில் பல்பு வைத்த டெஸ்ட் லாம்பையும் வைக்காதீர்கள், ரிலே சுருளையும் மாட்டாதீர்கள். நான் சொன்னது இந்தப் பழைய பிக்கப் போன்ற வண்டிகளுக்கு மட்டும்.

வெலிங்டன்_வயரிங் எழுதியது:

கோத்தகிரிக்காரர் சொல்வது சரி, நான் பாசிட்டிவ் சுவிட்ச் என்று அனுமானித்துவிட்டேன். டயோடைப் பற்றி ஒரு எச்சரிக்கை மட்டும் சேர்க்கிறேன்: வெள்ளி வளையம் போட்ட முனை 86 பக்கம் இருக்க வேண்டும். மாறினால் டயோடு சுருளைத் தாண்டிக் குறுக்கு வழி போட்டுவிடும்.

எர்த்தையும் அலட்சியம் செய்யாதீர்கள். நம் ஊரில் விளக்கு மங்குவதற்குப் பாதிக் காரணம் எர்த்தான். பம்பர் போல்ட்டில் பெயின்ட் மேலேயே லக் (கம்பி முனையில் மாட்டும் உலோக வளையம்) வைத்து முறுக்கினால் ஒரு மழைக்காலம் போவதற்குள் பச்சை பூத்துவிடும். பெயின்டைச் சுரண்டி, லக்கை முறுக்கி, மேலே கிரீஸோ வாசலினோ பூசுங்கள். விளக்கு எரியும்போது விளக்கின் எர்த் கம்பிக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே அளந்தால் 0.2 வோல்டுக்குள் இருக்க வேண்டும். ரிலே சாக்கெட்டைக் கால்கள் கீழ் நோக்கி இருக்கும்படி மாட்டுங்கள், தண்ணீர் உள்ளே தங்காது.

கூடலூர்_ஸ்டியரிங் எழுதியது:

வயரிங் பற்றிச் சொல்ல நான் ஆள் இல்லை. ஆனால் ஆடி மாதத்தில் நடுவட்டம் பாதையில் இருபது வருடம் லாரி ஓட்டியவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். விளக்கைப் பம்பருக்குக் கீழே எவ்வளவு தாழ்வாக வைக்க முடியுமோ அவ்வளவு தாழ்வாக வையுங்கள். மேலே ரூஃபில் வைத்தால் அது ஃபாக் லைட் அல்ல, திருவிழா லைட். ஹெட்லைட்டின் மேல் விளிம்பைத் தாண்டி அது ஏறக் கூடாது. பல்பு மஞ்சளாக இருக்க வேண்டும் என்று பலர் சண்டைக்கு வருவார்கள். மூட்டத்தில் மிதக்கும் நீர்த்துளி ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியது, ஆகவே அது மஞ்சளையும் வெள்ளையையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். மஞ்சள் கண்ணுக்கு இதமாக இருக்கிறது என்றால் போட்டுக்கொள்ளுங்கள், மூட்டத்தைத் துளைக்கும் என்று நம்பிப் போடாதீர்கள். துளைப்பது ஃபாக் லைட்டின் வேலையே இல்லை. மேல் விளிம்பு நேர்கோடாக வெட்டப்பட்ட ஒளி, மூட்டத்துக்குக் கீழே தரையை ஒட்டிப் பரவ வேண்டும், அவ்வளவுதான்.

சுவரில் இருந்து 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தினால், ஒளியின் மேல் விளிம்பு விளக்கின் நடுமட்டத்தைவிட 15 முதல் 20 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். இதைச் சுமை ஏற்றிய பிறகு பாருங்கள். பிக்கப்பில் ஒன்றரை டன் ஏற்றினால் பின்பக்கம் அமுங்கி மூக்கு தூக்கிக்கொள்ளும்; காலி வண்டியில் சரியாக வைத்த விளக்கு, சுமை ஏற்றியதும் எதிரே ஏறி வருகிற பஸ் டிரைவரின் கண்ணுக்குள் போய்விடும். மூட்டம் கலைந்தவுடன் அணைத்தும் விடுங்கள்.

பாலாடா_பிக்கப் எழுதியது:

கோத்தகிரி அண்ணா சொன்னபடி மீட்டரைத் திருப்பிப் பிடித்தேன். வளையத்தைத் திருப்பியதும் 12.5, விட்டதும் 0. எர்த் சுவிட்ச்தான். தனிச் சுவிட்சுக்குக் கொடுக்க இருந்த பணத்தில் கம்பி முனையில் டெர்மினலை அழுத்திப் பொருத்தும் நல்ல கிரிம்பிங் பிளேயர் ஒன்று வாங்கிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்து முடித்தேன். எல்லாவற்றையும் மாட்டிவிட்டு, பார்க் லைட் போட்டு வளையத்தைத் திருப்பினால் ரிலேயில் இருந்து சத்தமே இல்லை. 3 ஆம்பியர் ஊதாப் பியூஸைப் பிடுங்கிப் பார்த்தேன், உள்ளே கம்பி ஆவியாகிப் புகை படிந்திருந்தது. வெலிங்டன் அண்ணாவின் எச்சரிக்கையைப் படித்துவிட்டுத்தான் செய்தேன், ஆனால் சாக்கெட்டைக் கவிழ்த்துப் பிடித்துக் கம்பி சொருகியதில் 85ஐ 86 என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன், டயோடு தலைகீழாகிவிட்டது. அந்தச் சின்ன பியூஸ் இல்லாமல் இருந்திருந்தால், இளகிப்போன கனெக்டருக்கு அடுத்து வளையத்தின் காண்டாக்ட்டையும் நானே எரித்திருப்பேன். டயோடைத் திருப்பிப் போட்டு, புதுப் பியூஸ் வைத்ததும் 'டக்' என்ற சத்தத்தோடு இரண்டு விளக்கும் எரிந்தன.

எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.9, விளக்கின் முனையில் 13.5. எர்த் பக்கம் 0.1. அரை மணி நேரம் எரியவிட்டுக் கம்பியைத் தொட்டுப் பார்த்தேன், சூடே இல்லை. ரிலே மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. பாலாடாவில் 10 மீட்டர் சமதரை கிடைப்பதே பெரிய காரியம் என்பதால், மூட்டை ஏற்றி முடித்த பிறகு கேரட் கழுவும் இடத்துச் சிமெண்ட் களத்திலேயே எதிர்ச் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு ஒளியை இறக்கி வைத்தேன். காலியாக வைத்திருந்ததைவிட நட்டை மூன்று சுற்று இறக்க வேண்டியிருந்தது. நேற்று இரவு காட்டேரிக்குக் கீழே நல்ல மூட்டம். இடது ஓரத்து வெள்ளைக் கோடும் அதை ஒட்டிய சாக்கடை விளிம்பும் வண்டிக்கு முன்னால் பத்துப் பதினைந்து அடி வரை தெளிவாகத் தெரிந்தன. எனக்கு அது போதும்.

ஒரு சந்தேகம் மட்டும் மீதி. ஸ்டியரிங்குக்குக் கீழே பழுப்பேறிய அந்தக் கனெக்டர் இப்போது சூடாவதில்லை. அப்படியே விட்டுவிடலாமா?

வெலிங்டன்_வயரிங் எழுதியது:

விடாதீர்கள். ஒருமுறை சூடேறிய பித்தளை டெர்மினலில் ஸ்பிரிங் பிடிப்பு தளர்ந்திருக்கும். பிடிப்பு தளர்ந்தால் அதற்கு இனி ஹெட்லைட்டின் சாதாரண சுமையே போதும், மறுபடி சூடேறும். கனெக்டரைப் பிரித்து, பழுப்பு நிறத்தில் இருக்கும் டெர்மினலை மட்டும் புதிதாகக் கிரிம்ப் செய்து மாற்றுங்கள், கம்பியின் முனை கறுத்திருந்தால் செம்பு பளபளக்கும் இடம் வரை வெட்டிவிட்டு. பிளேயர்தான் வாங்கிவிட்டீர்களே. பேட்டரி நெகட்டிவைக் கழற்றிய பிறகு தொடங்குங்கள்.